ஒட்டுற இடத்துல குழையுற எழுத்து – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்து வரலாறு பத்தி ஒரு புத்தகம் படிச்சிட்டு இருந்தேங்க. 1798 கிளர்ச்சி பத்தி வர்ற பக்கத்துல "ஷான் வான் வொக்ட்"னு ஒரு பழைய பாட்டோட பேர் வருது, பக்கத்துலயே "ஏழைக் கிழவி"ன்னு அர்த்தம் மட்டும் போட்டிருக்காங்க. ஐரிஷ் அகராதில "வான்" தேடுனேன், "வொக்ட்" தேடுனேன், ரெண்டுமே இல்ல. ஷான்ங்கிறது ஆளோட பேர் தானே, அது எப்படி கிழவி ஆச்சு? கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்களேன்.

பதில்: அகராதில கிடைக்காதது உங்க தப்பு இல்லங்க. ஐரிஷ் படிக்க ஆரம்பிக்கிற எல்லாரும் முதல் வாரத்துலயே முட்டிக்கிற சுவர் இது. நமக்கு சொல்லு வாலுலதான் மாறும், வீடு வீட்டுல வீட்டுக்குன்னு போகும், ஆனா தலையில இருக்கிற "வீ" அசையாது, அதனால அகராதில தேடுறது சுலபம். ஐரிஷ்ல தலையெழுத்தே மாறிடும், அதான் அந்தப் பக்கத்துல பார்த்த சொல்லு அகராதில வேற எழுத்துக்குக் கீழ உட்கார்ந்திருக்கு.

முதல்ல மூணு துண்டையும் அதோட சொந்த உருவத்துல பார்த்துடலாம். "ஷன்" – பழைய, வயசான. "பன்" – பெண். "பொக்ட்" – ஏழை, பாவப்பட்ட. மூணுமே குறில்ங்க, இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து நாமதான் ஷான் வான்னு நீட்டிடுறோம். நீங்க நினைச்ச ஆள் பேர் நெடில், ஷான், ஜான்ங்கிற பேரோட ஐரிஷ் வடிவம், அதை எழுதுறப்ப ஏ எழுத்து மேல ஒரு சாய்கோடு போடுவாங்க. அந்தக் கோடு இருந்தா ஆள் பேர், இல்லன்னா "பழைய". ஒரு கோட்டுல அர்த்தமே மாறிடும், படம் பாடம் மாதிரி.

இப்ப ஷன்னும் பன்னும் ஒட்டி ஒரே சொல் ஆகுது, எப்படி ஆகுதுன்னா "ஷன்வன்". ஷன்பன் இல்ல. ப வந்து வ ஆயிடுச்சு. ப சொல்றப்ப ரெண்டு உதடும் இறுக்கி மூடும் பாருங்க, அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி காத்து கசிய விட்டா வ-கிட்ட வந்து நிக்கும், சொல்லிப் பாருங்க புரியும். இந்த மாற்றத்துக்கு ஐரிஷ்ல பேரு ஷேவூ, நேரா சொன்னா "மென்மையாக்குறது". எழுத்துல இதைக் காட்ட அந்த மெய்யெழுத்துக்குப் பின்னாடி ஒரு எச் சேர்ப்பாங்க, பி-யும் எச்-சும் சேர்ந்தா வ. பழைய ஐரிஷ் அச்சு எழுத்துல எச்-செல்லாம் கிடையாது, எழுத்துக்கு மேல ஒரு புள்ளி வைப்பாங்க, நாம மெய்யெழுத்துக்கு வைக்கிற மாதிரியே. இருபதாம் நூற்றாண்டு நடுவுல ரோமன் எழுத்துக்கு மாறினப்பதான் புள்ளி போய் எச் நிலைச்சுது. எனக்கு அந்தப் புள்ளி மேல தனிப் பிரியம் உண்டு, ஏன்னா புள்ளியை எடுத்துட்டா மூல எழுத்து அப்படியே நிக்கும், சொல்லு கலையாது.

இங்கதான் தமிழ் படிச்சவங்களுக்கு ஒரு சுவாரசியம் இருக்கு. நாம ரெண்டு சொல்லை ஒட்டுறப்ப என்ன பண்றோம்? கிழட்டு + குதிரை, "கிழட்டுக் குதிரை". க்-கை ரெட்டிச்சு இன்னும் இறுக்குறோம், வலி மிகும்னு இலக்கணத்துல படிச்சோமே அதான். அதே கிழட்டுக் குதிரையை ஐரிஷ்ல சொல்லுங்க, ஷன் + கப்பல். (குதிரைக்கு அங்க கப்பல்னு பேரு, நம்ம கப்பலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.) ஒட்டுனா "ஷன்ஹப்பல்" மாதிரி வரும், க தளர்ந்து தொண்டையில காத்தா உரசுது. ஒரே அர்த்தம், ஒரே அமைப்பு, ரெண்டு பேருமே ஒட்டு விழுந்த இடத்துல ஒரு அடையாளம் வைக்கிறோம், ஆனா நாம இறுக்குறோம் அவங்க தளர்த்துறாங்க. இதை ஒருதரம் மனசுல வாங்கிட்டா ஐரிஷ் கூட்டுச்சொல்லுல பாதி பயம் போயிடும்.

ஏன் தளர்த்துறாங்கன்னு கேட்டா அதுக்கும் பதில் நம்ம வாயிலயே இருக்கு. "பக்கம்" சொல்றப்ப வர்ற க-வும் "மகன்" சொல்றப்ப வர்ற க-வும் ஒண்ணா? இல்ல, ரெண்டு உயிருக்கு நடுவுல தனியா மாட்டுன க இளகிப் போயிடுது, பல பேர் வாயில அது ஹ-வாவே கேக்கும், ஆனா நாம எழுத்துல காட்டுறது இல்ல. ஐரிஷோட மூதாதை மொழிலயும் இதேதான் நடந்துச்சு. அப்ப "பழைய"ங்கிற சொல்லு கூட்டுச்சொல்லுக்குள்ள "செனொ" மாதிரி உயிர்ல முடிஞ்சுது, பின்னாடி "பெனா" வந்துச்சு, ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டுன ப இளகுச்சு. அப்புறம் காலப்போக்குல அந்த நடு உயிர் தேய்ஞ்சு காணாமப் போச்சு, ஆனா இளகுனது இளகுனதாவே நின்னுடுச்சு. ஆள் போன பிறகும் ஈர மண்ணுல கால்தடம் இருக்குமே அது மாதிரி. இன்னிக்கு ஐரிஷ் பேசுற குழந்தை ஷன்வன்னு சொல்றப்ப ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கும் முந்தின ஒரு உயிரெழுத்தோட தடத்தைத்தான் சொல்லுது, இதை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

சரி, அடுத்து பொக்ட் ஏன் வொக்ட் ஆச்சு? இங்க காரணம் வேற, இது கூட்டுச்சொல் இல்ல, தனிச்சொல்லா பின்னாடி வர்ற அடைமொழி. ஐரிஷ்ல அடைமொழி பொதுவா பெயருக்குப் பின்னாடிதான் வரும், "கிழவி ஏழை"ன்னு சொல்ற மாதிரி, ஷன் மாதிரி சிலதுதான் முன்னாடி வந்து ஒட்டும். பெயர்ச்சொல் பெண்பால்னா அந்த அடைமொழி தலையும் குழையும், ஆண்பால்னா குழையாது. ஏழைக் கிழவர்னு சொல்லணும்னா "ஷனர் பொக்ட்", ப அப்படியே இருக்கு பாருங்க. அந்த ஷனரையும் சொல்லிடுறேன், ஷன் + ஃபர், ஃபர்ன்னா ஆண். ஃப குழைஞ்சா சுத்தமா சத்தமே இல்லாமப் போயிடும், எழுத்துல எஃப் எச் ரெண்டும் நிக்கும், வாயில ஒண்ணும் வராது, அதான் ஷனர்.

பாட்டோட பேரை முழு ஐரிஷ்ல எழுதுனா முன்னாடி "அன்"னு ஒண்ணு வரும், இங்கிலீஷ்ல குறிப்பிட்ட ஒண்ணைச் சுட்டுற "த" மாதிரி. அது வந்ததும் மூணாவது மாற்றம் நடக்குது, "அன் ஷன்வன்" இல்ல, "அன் ட்யன்வன்". ஷ சத்தம் போய் ட் வந்துடுச்சு. எழுதுறப்ப எஸ்-சை அழிக்க மாட்டாங்க, அதுக்கு முன்னாடி சின்ன டி ஒண்ணை ஒட்டுவாங்க, எஸ் கண்ணுக்கு மட்டும், டி வாய்க்கு. எஸ் பெரிய எழுத்தா இருந்தாலும் முன்னாடி ஒட்டுற டி சின்ன எழுத்தாவே இருக்கும், அதனால வாக்கியம் நடுவுல சின்ன எழுத்துக்குப் பின்னாடி பெரிய எழுத்து வந்து நிக்கிறதைப் பார்த்து அச்சுப்பிழைன்னு நினைச்சுடாதீங்க. பெண்பால் சொல் எழுவாயா வர்றப்ப இந்த டி வரும். கிழவருக்கு வராது, "அன் ஷனர் பொக்ட்" அவ்ளோதான். ஆனா "கிழவரோட"ன்னு வேற்றுமை மாறினா கிழவருக்கு டி வந்துடும், கிழவிக்குப் போயிடும். தலைகீழ். ஆரம்பத்துல கடுப்பா இருக்கும், பழகப் பழக வாயே சொல்லிக் கொடுக்கும்.

ஆக ரெண்டே ரெண்டு சொல்லுல மூணு மாற்றம், மூணுக்கும் மூணு விதி. "ஒட்டுனதால" வ, "பெண்பாலோட அடைமொழிங்கிறதால" வொ, "அன்னுக்குப் பின்னாடி வந்த பெண்பால்ங்கிறதால" ட். நீங்க படிச்ச புத்தகத்துல அன் இல்லாம இங்கிலீஷ் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்காங்க, அதனால டி தெரியல.

அர்த்தமும் முக்கியம்ங்க, அந்தக் கிழவி யாரோ ஒரு கிழவி இல்ல, அயர்லாந்துதான். நாட்டை ஏழைக் கிழவியா பார்க்கிறது அங்க பழைய மரபு. 1796 டிசம்பர்ல பிரெஞ்சுக் கப்பற்படை சுமார் 15,000 வீரர்களோட கார்க் மாவட்டத்து பான்ட்ரி வளைகுடா வரைக்கும் வந்துச்சு, ஐரிஷ் கிளர்ச்சித் தலைவர் வுல்ஃப் டோனும் அதுல இருந்தார், ஆனா புயல்ல கரை இறங்கவே முடியாம திரும்பிப் போச்சு. பிரெஞ்சுக்காரங்க வர்றாங்க, விடுதலை வருதுன்னு அந்தக் கிழவி சொல்ற மாதிரி அமைஞ்ச பாட்டு அது. நூறு வருஷம் கழிச்சு பெல்ஃபாஸ்ட்ல ஆலிஸ் மில்லிகனும் அன்னா ஜான்ஸ்டனும் 1896ல ஆரம்பிச்சு 1899 வரை நடத்துன பத்திரிகைக்கும் இதே பேரைத்தான் வச்சாங்க. ரெண்டு பெண்கள் ஆசிரியரா இருந்த பத்திரிகைக்குக் கிழவி பேர், எவ்ளோ பொருத்தம் பாருங்க.

நம்ம "மூதாட்டி"யும் இதே அமைப்புதான், முதுமை + ஆட்டி, பண்புத்தொகை. அங்க ப இளகுது, இங்க மை போய் மு நீண்டு மூ ஆகுது. ஷன்வன்னுக்கு எனக்குத் தெரிஞ்ச மிகச்சரியான தமிழ் அதுதான்.

கேள்வி: ஒட்டுனா குழையும்னு சொல்றீங்க, ஆனா கார்க் நகரத்துல ஷான்டன்னு ஒரு இடம் இருக்கே, அது பழைய கோட்டைன்னு அர்த்தமாமே, அங்க ட குழையலையே? அப்புறம் ஷன்-நோஸ் பாட்டுன்னு எழுதுறப்ப மட்டும் நடுவுல ஏன் சின்னக் கோடு?

பதில்: ரெண்டுமே நல்ல கேள்விங்க, ரெண்டும் ஷன்னோட கடைசி "ன்"-னைப் பத்தினதுதான். ஷான்டன்ங்கிறது ஷன் + தூன், தூன்ன்னா கோட்டை. இங்க த குழையாது. முதல் பாதி ந், த், ல், ஸ் மாதிரி நாக்கு பல்லு பக்கத்துல முட்டுற எழுத்துல முடிஞ்சு, ரெண்டாம் பாதி த, ட, ஸ-ல ஆரம்பிச்சா குழையாதுன்னு விதி. ஏன்னா நாக்கு ஏற்கெனவே அந்த இடத்துலயே முட்டிட்டு இருக்கு, அதே இடத்துல அடுத்த எழுத்தும் வந்தா விலகித் தளர்றதுக்கு நாக்குக்கு வழி இல்ல. "பந்து" மெதுவா சொல்லிப் பாருங்க, ந்-லேருந்து த-வுக்கு நாக்கு நகரவே நகராது. அதனாலதான் ஷன் + தின்ய, அதாவது வயசான மனுஷன், "ஷன்தின்ய"தான், குழைவு இல்ல. நமக்கும் ஊறுகாய், சுடுசோறுன்னு வினைத்தொகையில வலி மிகாதுன்னு ஒரு விலக்கு இருக்குல்ல, விலக்கு இல்லாத விதி எந்த மொழியிலயும் கம்மிதான். ஆனா நம்ம விலக்கு அர்த்தத்தையும் அமைப்பையும் பார்த்து வர்றது, அவங்களோடது நாக்கு நிக்கிற இடத்தைப் பார்த்து வர்றது.

குழைஞ்ச ஊர்ப்பேரும் இருக்கு. பெல்ஃபாஸ்ட்ல பேர் போன ஷாங்கில் ரோடு இருக்கே, அது ஷன் + கில், பழைய தேவாலயம். ஐரிஷ்ல எழுதுறப்ப நடுவுல சி-யும் எச்-சும் வரும், க குழைஞ்சிருக்கு. இங்கிலீஷ் வடிவத்துல கே போட்டு எழுதிட்டாங்க, அதனால குழைவு மறைஞ்சு போச்சு. ஊர்ப்பேரோட இலக்கணத்தை இங்கிலீஷ் எழுத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஐரிஷ் வடிவத்தைத் தேடிப் பாருங்க. டப்ளின் பக்கத்துலயும் அதே பேர்ல ஒரு ஊர் உண்டு.

நடுக்கோடு விஷயம் ரொம்ப எளிமை. கூட்டுச்சொல் பொதுவா சேர்த்தே எழுதணும், ஆனா ஒட்டுற இடத்துல ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா கோடு போடணும். ஷன்ல முடிவுல என், நோஸ்ல ஆரம்பத்துல என், ரெண்டு என் இடிக்குது, அதனால ஷன்-நோஸ். நோஸ்ன்னா வழக்கம், முறை, ஆக "பழைய முறை". வாத்தியம் எதுவும் இல்லாம ஒருத்தர் தனியா பாடுற அந்தப் பாட்டு மரபுக்கு அது பேர். தாத்தாவுக்கு "ஷனஹிர்", ஷன் + அஹிர், அதாவது பழைய அப்பா, அதுல எழுத்து இடிக்கல, கோடும் இல்ல. பாட்டி "ஷன்வாஹிர்", மாஹிர்ன்னா அம்மா, ம குழைஞ்சாலும் வ தான் வரும்.

கேள்வி: டப்ளின்ல படிக்கிறேன். ஊர் பூரா பலகையில ஐரிஷ் இருக்கு, எது கூட்டுச்சொல், எது ரெண்டு தனிச்சொல்லு பக்கத்துல பக்கத்துல நிக்கிறதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: பன்மை ஆக்கிப் பாருங்க, உடனே தெரிஞ்சிடும். ஓநாய்க்கு ஐரிஷ்ல "மக் தீர", மக்ன்னா மகன், தீர மண்ணோட, ஆக மண்ணின் மகன். எவ்ளோ அழகான பேரு. ஆனா இது கூட்டுச்சொல் இல்ல, ஓநாய்கள்னு சொல்ல முதல் சொல்லுதான் மாறும், "மிக் தீர". தலைவன் முன்னாடி நிக்கிறான், பின்னாடி இருக்கிறது வேற்றுமை ஏத்த துணைச்சொல். நம்ம "மண்ணின் மகன்" அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. "இஷ்க பஹ", உயிர்த்தண்ணி, விஸ்கிங்கிற சொல்லு இதுலேருந்து வந்துதான், அதுவும் இதே ஜாதி.

உண்மையான கூட்டுச்சொல்லுல தலைவன் கடைசில இருப்பான், நம்ம தமிழ் மாதிரியே, அதனால மாற்றம் வாலுல நடக்கும். ஷன்வன்னுக்குப் பன்மை "ஷன்வ்னா". பன்னோட பன்மை ம்னா, ரொம்ப ஒழுங்கில்லாத சொல்லு அது, ஒட்டுறப்ப அதோட ம குழைஞ்சு வ் ஆகுது. அந்த ம்னாவை நீங்க டப்ளின்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க, பொதுக் கழிப்பறைக் கதவுல இருக்கும். பக்கத்துக் கதவுல "ஃபிர்". முதல் எழுத்தை மட்டும் பார்த்து எம்-ன்னா ஆண் எஃப்-ன்னா பெண்ணுன்னு இங்கிலீஷ் கணக்குப் போட்டுப் போனா தப்பான கதவுல போய் நிப்பீங்க, ம்னாதான் பெண்கள், ஃபிர் ஆண்கள்.

பலகையில நிறைய பார்க்கிற இன்னொரு கூட்டம் "லன்"ல முடியுற சொல்லுங்க. லவர் + லன், புத்தகம் இருக்கிற இடம், நூலகம். பிய + லன், சாப்பாடு கிடைக்கிற இடம், உணவகம். நோயாளிக்கு ஓஹர்னு பேரு, அதோட லன் சேர்த்தா மருத்துவமனை. நம்ம "அகம்" பண்ற வேலையை அங்க லன் பண்ணுது, புதுசா ஒரு இடத்துக்குப் பேர் வேணும்னா ஒட்டிக்கலாம். ல-வுக்கு எழுத்துல குழைவைக் காட்டுற வழக்கம் இல்ல, அதனால இந்தச் சொல்லுங்கள்ல எச் தேடாதீங்க, ஒட்டு இருக்கு ஆனா தடம் தெரியாது.

கேள்வி: அண்ணன் தம்பிக்கு ஐரிஷ்ல "த்ரிஹார்"னு சொல்றாங்க, ஆனா சாமியாரை "ப்ராஹிர்"னு சொல்றாங்க. இங்கிலீஷ் பிரதர் மாதிரி இருக்கிறது ரெண்டாவதுதான். அப்ப முதல் சொல்லு எங்கேருந்து வந்துச்சு?

பதில்: ரெண்டும் ஒரே சொல்லுங்க, ஒண்ணு கூட்டுச்சொல் ஆகித் தேய்ஞ்சு போனது. ப்ராஹிர்தான் பிரதரோட நேரான சொந்தம். ஆனா அது ரத்த சொந்தம் எல்லாரையும் இழுத்துப் போட்டுக்கிட்ட சொல்லு, கூடப் பிறந்தவனும் ப்ராஹிர், சொந்தக்காரனும் ப்ராஹிர், அப்புறம் மடத்துல சேர்ந்த துறவியும் ப்ராஹிர். நமக்குத் தெரியாத சிக்கலா இது? பெரியப்பா பையனும் அண்ணன், எதிர் வீட்டுக்காரரும் அண்ணன், பஸ் கண்டக்டரும் அண்ணன், அதனால யாராவது "கூடப் பிறந்த அண்ணனா?"ன்னு கேக்குறாங்க. அந்தக் "கூடப் பிறந்த"ங்கிற இடத்துக்கு ஐரிஷ்காரங்க ஒரு சொல்லை முன்னாடி ஒட்டுனாங்க, "த்யரவ்", உண்மையான, நிச்சயமான. நிஜ ப்ராஹிர். ஒட்டுன இடத்துல வழக்கம்போல ப குழைஞ்சு, முன்னாடி இருந்த வ-வும் அதுவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு, நாலு தலைமுறை பத்து தலைமுறைன்னு வாயில உருண்டு உருண்டு இன்னிக்கு த்ரிஹார்னு நிக்குது. அக்கா தங்கைக்கும் இதே கதைதான், த்யரவ் + ஷூர், இப்ப "டெரஃபூர்". தனியா நிக்கிற ஷூர் கன்னியாஸ்திரிக்குப் போயிடுச்சு.

ஷன்வன்ல ஒட்டு இன்னும் பளிச்சுன்னு தெரியுது, பிரிச்சா ரெண்டு துண்டும் கையில வரும். த்ரிஹார்ல தெரியாது. ஒரு அயர்லாந்துக்காரர் தன்னோட தம்பியைக் காட்டி அந்தச் சொல்லைச் சொல்றப்ப "இவன் நிஜமாவே கூடப் பிறந்தவன்"னு சொல்றோம்ங்கிற நினைப்பே அவருக்கு இருக்காது, ஆனா ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்றார்.